ஜப்பானியச் சொற்களுக்கு ஆங்கிலம் எதற்கு?

ஜப்பானிய மொழி கற்க வருகிற தமிழர் கைக்கு முதலில் வந்து சேர்வது ஓர் ஆங்கிலப் பட்டியல். இடப்பக்கம் ஜப்பானியச் சொல், வலப்பக்கம் ஆங்கிலப் பொருள். அச்சுப் புத்தகமானாலும் கைபேசிச் செயலியானாலும் இதே அமைப்புதான். அதில் 'கொமெ' என்ற சொல்லுக்கு எதிரே ரைஸ் என்று இருக்கும். சில பக்கங்கள் தள்ளி 'கொஹன்' வரும்; அதற்கும் ரைஸ். பிறகு 'இனெ' வரும். அங்கேயும் ரைஸ்தான், கூடவே ஒரு வரி விளக்கம். மூன்றையும் ஒரே ஆங்கிலச் சொல்லில் போட்டுக் கலக்கிவிட்டு, வேறுபாட்டை நீயே மனப்பாடம் செய்துகொள் என்று மாணவரிடம் தள்ளிவிடுகிறது பட்டியல்.

கொமெ என்றால் அரிசி. கொஹன் என்றால் சோறு. இனெ என்றால் நெற்பயிர். உமி நீங்காத நெல்லுக்கு 'மொமி' என்று தனிச்சொல்லும் உண்டு. நம் வீட்டில் 'சோறு தின்றாயா' என்றால் சாப்பிட்டாயா என்று பொருள்படுவதைப் போலவே கொஹனுக்கும் உணவு என்ற பொருள் உண்டு. 'அஸகொஹன்' என்றால் காலைச் சாப்பாடு. களத்துமேட்டை ஒருமுறையாவது பார்த்த பிள்ளைக்கு இதில் மனப்பாடம் செய்ய எதுவுமில்லை. ஆங்கிலத்தைக் குறுக்கே நிறுத்தும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

நான் கிருஷ்ணகிரியில் குடியிருந்து ஓசூர்ப் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை செய்கிறேன். வேலைக்காகத் தொடங்கிய ஜப்பானிய மொழி இப்போது வேலையைத் தாண்டிப் போய்விட்டது. சூளகிரி வழியாகப் போகும் கம்பெனிப் பேருந்தில் பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் கைபேசியில் படம் பார்ப்பார்கள், நான் சொல் எழுதிய அட்டைகளைப் புரட்டுவேன். அந்த அட்டைகளில் ஆங்கிலம் இல்லை. ஒருபுறம் ஹிரகானா என்னும் ஜப்பானிய எழுத்து, மறுபுறம் தமிழ். இது மொழிப்பற்றினால் எடுத்த முடிவு அன்று. இப்படிச் செய்தால் மனத்தில் நிற்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் ஊருக்கு இது புதிதும் அல்ல. பழையபேட்டைக் கடைத்தெருவில் காய்கறி விற்பவர் ஒரு வாடிக்கையாளரிடம் தெலுங்கு, அடுத்தவரிடம் கன்னடம், அதற்கும் அடுத்தவரிடம் உருது பேசி விற்றுவிட்டு, சில்லறையைத் தமிழில் எண்ணுகிறார். அவரிடம் போய், கன்னடச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதிவைத்துப் படித்தீர்களா என்று கேட்டால் சிரிப்பார். தெரிந்த மொழியின் மேல் தெரியாத மொழியை நேரடியாக ஏற்றுவதுதான் எல்லையோர மாவட்டத்துக்காரர்களின் பழக்கம். ஜப்பானிய மொழி என்று வந்ததும் நமக்கு ஏன் ஓர் இடைத்தரகர் தேவைப்படுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். 'மிஸு' என்றால் தண்ணீர், ஆனால் சூடாக்காதது. சூடாக்கினால் அதன் பெயர் 'ஒயு'. 'சூடான மிஸு' என்று ஜப்பானியர் பொதுவாகச் சொல்வதில்லை. ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்களுக்கு இது ஒரு விதிவிலக்கு. நமக்குத் தண்ணீரும் வெந்நீரும். குளிருக்கும் இதே கதை. காற்று குளிர்ந்தால் 'ஸமுய்', தொடுகிற பொருள் குளிர்ந்திருந்தால் 'த்ஸுமெதய்'. மார்கழி விடியலில் பேருந்துக்கு நிற்கும்போது நமக்குக் 'குளிர்கிறது'. பானைத் தண்ணீர் 'சில்லென்று' இருக்கிறது. இரண்டையும் நாம் மாற்றிச் சொல்வதில்லை. (தண்ணீர் என்றதும் ஓர் இடைச்செருகல்: நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெட்டுப்போன கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களுக்கு காவிரி நீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானின் ஜைக்கா நிறுவனக் கடனில் எழுந்தது; 2013இல் திறக்கப்பட்டது. 'மிஸு' என்ற அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.)

உறவுப் பெயர்களில் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை நால்வருக்கும் ஜப்பானிய மொழியில் தனித்தனிச் சொற்கள்: அனி, ஒதோதொ, அனெ, இமோதொ. ஆங்கிலத்தில் இவை இரண்டாகச் சுருங்கிவிடும். ஆனால் பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் ஜப்பானில் 'ஒஜி' ஒருவர்தான். வேடிக்கை என்னவென்றால், எழுதும்போது மட்டும் பெற்றவருக்கு மூத்தவர் என்றால் ஒரு கஞ்சி, இளையவர் என்றால் வேறொரு கஞ்சி. (கஞ்சி என்பது அவர்களுடைய சீன எழுத்து. வகுப்பில் முதல் நாள் எல்லாரும் சிரித்து முடித்துவிட்டோம்.) இரண்டையும் 'ஒஜி' என்றே படிக்கிறார்கள்.

சுட்டுச் சொற்களுக்கு வந்தால் தமிழ் மாணவர் நிமிர்ந்து உட்கார வேண்டும். 'கொரெ, சொரெ, அரெ, தொரெ' என்று முதல் சில பாடங்களிலேயே வரும். பேசுகிறவருக்கு அருகில் உள்ளது கொரெ, கேட்கிறவருக்கு அருகில் உள்ளது சொரெ, இருவருக்கும் தொலைவில் உள்ளது அரெ, கேள்விக்கு தொரெ. ஆங்கிலத்தில் சுட்டு இரண்டுதான். ஆகவே ஆங்கில விளக்கம் நடுவில் உள்ள சொரெயைப் புரியவைக்கப் படம் வரைந்து அம்புக்குறி போடும். நமக்கு அ, இ, உ என்று சுட்டெழுத்து மூன்று. இது, உது, அது, எது. 'உது' நம் பேச்சில் வழக்கொழிந்துவிட்டது. யாழ்ப்பாணத் தமிழரிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பள்ளி இலக்கணத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்த உகரச் சுட்டு, ஒரு ஜப்பானியப் பொறியாளரிடம் 'உங்கள் கையில் இருக்கும் அந்த உதிரிபாகம்' என்று கேட்கும்போது பயன்படும் என்று எந்தத் தமிழாசிரியரும் சொன்னதில்லை.

கொடுப்பதும் அப்படியே. நான் பிறருக்குக் கொடுத்தால் 'அகெரு'. பிறர் எனக்கோ என் வீட்டாருக்கோ கொடுத்தால் 'குரெரு'. மாணவர்கள் பலர் மாதக்கணக்கில் முட்டிக்கொள்ளும் இடம் இது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் ஒரு பிரிப்பு உண்டு: தருதல் தன்மைக்கும் முன்னிலைக்கும், கொடுத்தல் படர்க்கைக்கு. 'எனக்குத் தா, அவனுக்குக் கொடு.' இன்றைய பேச்சில் நாம் இதைத் தளர்த்திவிட்டாலும் காது இன்னும் மறக்கவில்லை. குரெருவைத் 'தா' என்றும் அகெருவைக் 'கொடு' என்றும் அட்டையில் எழுதிக்கொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. மீதிக் கால்வாசி: 'உனக்குத் தருகிறேன்' என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்களுக்கு அகெருதான் வரும். அதை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும்.

வாரநாள்களைச் சொல்லாமல் விட மனமில்லை. செவ்வாய்க்கிழமை 'கயோபி', புதன்கிழமை 'ஸுயியோபி'. செயலிகள் இவற்றுக்கு 'நெருப்பு நாள்', 'நீர் நாள்' என்று பொருள் சொல்லி, நெருப்பு எரிகிற படமும் போடும். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஆங்கிலக் கிழமைப் பெயரை எப்படி நினைவில் வைப்பது? உண்மையில் நெருப்பு என்பது செவ்வாய்க் கோளின் கீழைநாட்டுப் பெயரில் வரும் எழுத்து. நெருப்பு விண்மீன் என்றால் செவ்வாய், நீர் விண்மீன் என்றால் புதன், மர விண்மீன் வியாழன், பொன் விண்மீன் வெள்ளி, மண் விண்மீன் சனி. மற்ற இரண்டும் சூரியனும் சந்திரனும், அதாவது ஞாயிறும் திங்களும். ஏழு நாளும் நம் நாட்காட்டியோடு வரிசை பிசகாமல் பொருந்துகின்றன. நமக்கு வெள்ளி, அவர்களுக்குப் பொன். அந்த ஒரு நாளில் அவர்கள் நம்மைவிடக் கொஞ்சம் வசதியானவர்கள்.

இப்படியெல்லாம் எழுதினால் உடனே யாராவது, தமிழிலிருந்துதான் ஜப்பானிய மொழி பிறந்தது என்று தொடங்கிவிடுவார்கள். சுசுமு ஓனோ (1919–2008) என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று ஆண்டுக்கணக்கில் எழுதினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஏற்றிருந்தாலும் எனக்கு ஒரு சொல்கூடக் கூடுதலாக நினைவில் நின்றிருக்காது. ஒலியில் ஒத்த சொற்களைத் தேடி அலைவது பொழுதுபோக்கு. பாகுபாடு ஒத்த இடங்களைத் தேடுவது படிப்பு. முதலாவதில் இறங்கியவர்கள் தேர்வுக்கு வருவதில்லை.

வாக்கிய அமைப்பில் நமக்கு இருக்கும் வசதியைப் பலரும் சொல்லிவிட்டார்கள்: எழுவாய், செயப்படுபொருள், கடைசியில் வினை. 'தபெதெ மிரு' என்றால் சாப்பிட்டுப் பார். 'தபெதெ ஷிமாவு' என்றால் சாப்பிட்டுவிடு. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது 'இத்தெ கிமஸு', போய் வருகிறேன். இருப்பவர் சொல்வது 'இத்தெரஷ்ஷாய்', போய் வாருங்கள். இதனால் வரும் ஆபத்தையும் சொல்ல வேண்டும். வாக்கியம் எளிதாக வந்துவிடுவதால் மொழியே வந்துவிட்டது என்று தோன்றும். வாக்கியச் சட்டகம் நம்முடையதாக இருக்கலாம். அதில் பொருத்த வேண்டிய சொற்கள் ஆயிரக்கணக்கில் வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஜப்பானிய மொழித்திறனைச் சோதிக்கும் ஜே.எல்.பி.டி. தேர்வு 1984இல் தொடங்கியபோது நான்கு நிலைகள். பழைய கடைநிலைக்கு ஏறக்குறைய 800 சொற்கள், அதற்கு அடுத்ததற்கு 1500 என்று கணக்கு இருந்தது. 2010இல் ஐந்து நிலைகளாக (என் 1 முதல் கடைநிலையான என் 5 வரை) மாற்றியபோது அதிகாரபூர்வப் பட்டியல் வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள். இன்று 'என் 5 முழுச் சொற்பட்டியல்' என்று சுற்றி வருபவை எல்லாம் யாரோ கணித்துத் தொகுத்தவை. நல்லவை இருக்கின்றன, வேதம் என்று நம்ப வேண்டாம்.

எங்கள் பகுதியில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு கையிருப்பும் உண்டு, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஓசூர்த் தொழிற்பேட்டைகளில் எத்தனையோ ஆலைகளின் சுவரில் பணியிட ஒழுங்குக்கான 5எஸ் பலகை தொங்குகிறது: செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்ஸு, ஷிட்ஸுகே. கைசென், கெம்பா, முடா, முரி, கன்பான் என்று ஐ.டி.ஐ. முடித்துச் சேர்ந்த பையன்கூடச் சரளமாகச் சொல்வான். இவையெல்லாம் ஏதோ மேலாண்மைத் துறையின் கலைச்சொற்கள் என்று நாம் நினைக்கிறோம். ஜப்பானில் இவை வீட்டுச் சொற்கள். கன்பான் என்றால் கடையின் பெயர்ப்பலகை. முடா என்றால் வீண். முரி என்றால் 'நடக்காது, முடியாது'. கல்லூரிப் பெண்கள் ஒரு நாளில் பலமுறை சொல்வார்கள். கெம்பா என்பது விபத்து நடந்த இடத்தையும் குறிக்கும். கைசென் வெறும் முன்னேற்றம். எனக்குப் பிடித்தது ஷிட்ஸுகே: நம் ஆலையில் அது ஐந்தாவது எஸ், ஒழுக்கம், அங்கே பிள்ளையை வளர்க்கும் கண்டிப்புக்கும் நாயைப் பழக்குவதற்கும் அதே சொல். எங்கள் மேற்பார்வையாளரிடம் இதைச் சொன்னபோது அவர் மகிழவில்லை. ஆலையில் இருப்பவர்கள் பலகையில் உள்ள பத்துப் பதினைந்து சொற்களை வீட்டுப் பொருளில் படித்துக்கொண்டு தொடங்கலாம். ஏற்கெனவே நாக்குக்குப் பழகிய சொற்கள் அவை.

தமிழ் வழி தடுமாறும் இடங்களும் உண்டு. எழுத்துதான் முதலாவது. 'தென்கி' என்று எழுதுகிறேன். இது வானிலையா மின்சாரமா? இரண்டுக்கும் வேறுபாடு முதல் ஒலியின் அழுத்தம் மட்டுமே, நம் தகரத்தில் அது தெரியாது. 'ககி' என்றால் சாவியா, சீமைப் பனிச்சைப் பழமா என்றும் தெரியாது. குறில் நெடிலில் நம் எழுத்து கெட்டி. 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி என்று தெளிவாகக் காட்டிவிடும். 'கிதெ' என்றால் வா, 'கித்தெ' என்றால் தபால்தலை. இந்த இரட்டிப்பும் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் க, த வரிசையில் நம் எழுத்து கைவிட்டுவிடுகிறது. ஆகவே பொருளைத் தமிழில் எழுதுங்கள், ஒலியை ஒருபோதும் தமிழில் எழுதாதீர்கள். ஹிரகானா 46 எழுத்துகள்தான். அழுத்த ஒலிக்கு வலப்பக்க மேல்மூலையில் இரண்டு சிறு கோடுகள். நம் 247ஐ ஒன்றாம் வகுப்பில் கற்றவர்களுக்கு அது ஒரு பாரமே இல்லை.

வினைகளிலும் கவனம் வேண்டும். நாம் விருந்தினரிடம் 'காபி சாப்பிடுகிறீர்களா' என்று கேட்போம், மாத்திரையும் சாப்பிடுவோம். ஜப்பானியர் காபியையும் மாத்திரையையும் குடிப்பார்கள், 'நொமு'. சாப்பிடு என்பதற்கு நேராகத் 'தபெரு' என்று எழுதிவைத்தால் இந்த இடங்களில் சறுக்கும். அதனால் பெயரை மட்டும் தனியாக அட்டையில் எழுதாமல் வினையோடு சேர்த்தே எழுத வேண்டும்: மருந்து நொமு, குடை ஸஸு, கண்ணாடி ககெரு. சட்டைக்குக் 'கிரு', கால்சட்டைக்கும் செருப்புக்கும் 'ஹகு', தொப்பிக்கும் தலைக்கவசத்துக்கும் 'கபுரு'. இவற்றையெல்லாம் ஆங்கிலம் ஒரே வினையில் அடக்கிவிடும். வேட்டியைக் கட்டி, சட்டையைப் போட்டு, பூவை வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு உடம்பின் இடத்துக்கு இடம் வினை மாறுவது ஒன்றும் அதிர்ச்சி தராது. எந்த இடத்தில் எது என்பதைத்தான் கற்க வேண்டும்.

கடன் சொற்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 'பொதன்' நம் பொத்தான்தான். இருவருக்கும் போர்ச்சுகீசியர் கொடுத்தது. 'மிஷின்' என்றால் தையல் இயந்திரம் மட்டும், நம் தையல்காரர் பேச்சில் இருப்பதைப் போல. 'மன்ஷொன்' நாம் நினைக்கும் மாளிகை அன்று, அடுக்குமாடிக் குடியிருப்பு. இவை தாமாகவே ஒட்டிக்கொள்ளும்.

இடைநிலைக்கு வந்ததும் வேறு உலகம். அங்கே ஒரே பொருளுக்கு நாட்டுச் சொல் ஒன்று, சீனத்திலிருந்து வந்த சொல் ஒன்று. வாங்குவதற்குக் 'கவு', அலுவலகக் காகிதத்தில் 'கோன்யூ'. நம் மொழியில் கடையில் 'வாங்குகிறோம்', ரசீதில் 'கொள்முதல் செய்கிறோம்'. இந்த இரட்டை நடை நமக்குப் பழக்கம் என்றாலும், எண்ணிக்கை மலைக்க வைக்கும். அப்போது சொல்லை விட்டுவிட்டு எழுத்தைப் பிடிக்க வேண்டும். மின்னலைக் குறிக்கும் 'தென்' என்ற எழுத்து ஒன்று தெரிந்தால் மின்சாரம், மின்தொடர்வண்டி, தொலைபேசி, மின்கலம் நான்கும் ஒரே குடும்பமாக வந்து நிற்கின்றன: தென்கி, தென்ஷ, தென்வ, தென்ச்சி. வண்டி என்னும் 'ஷ' அதே தென்ஷவில் இருக்கிறது. ஜிதோஷ என்னும் காரிலும், ஜிதென்ஷ என்னும் மிதிவண்டியிலும் இருக்கிறது. இப்போது என் அட்டைகள் சொல் வாரியாக இல்லை, எழுத்து வாரியாக இருக்கின்றன.

தர்மபுரியில் என் சித்தி மகள் நர்சிங் முடித்துவிட்டு, ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக ஆயத்தமாகிறாள். 2019இல் அந்நாடு தொடங்கிய குறிப்பிட்ட திறன் விசாவுக்கு என் 4 அளவு மொழி வேண்டும். பராமரிப்புத் துறைக்குத் தனியாக ஒரு மொழித்தேர்வும் உண்டு. அவளுக்கு வலியைக் குறிக்கும் சொற்கள் கட்டாயம். 'அக்கா, இது எல்லாமே இரட்டைக்கிளவியாக இருக்கிறதே' என்று ஒருநாள் அழைத்தாள். ஆமாம், ஜப்பானிய நோயாளி எப்படி வலிக்கிறது என்பதை இரட்டித்த சொல்லில்தான் பெரும்பாலும் சொல்வார். ஆங்கிலப் பட்டியல் ஒவ்வொன்றுக்கும் அரை வரி விளக்கம் எழுதும். அவளும் நானும் உட்கார்ந்து தமிழில் எழுதினோம். 'ஸுகிஸுகி', புண் விண்விண்ணென்று தெறிப்பது. 'ச்சிகுச்சிகு', சுருக்சுருக்கென்று குத்துவது. 'ஹிரிஹிரி', தோல் திகுதிகுவென்று எரிவது. எல்லாம் நிமிடத்தில் முடிந்தன.

'ஷிகுஷிகு' மட்டும் நின்றுவிட்டது. கடுமையில்லாமல், விடாமல், அடிவயிற்றில் இருந்துகொண்டே இருக்கும் வலி. நான் 'நமநம' என்றேன்; அது அரிப்பு என்று அவள் தள்ளிவிட்டாள். அடுப்படியிலிருந்து சித்தி, 'முணுமுணுவென்று வலிப்பதுதானே?' என்று கேட்டார். அவள் அதையே எழுதிக்கொண்டாள். அவளுடைய சென்னை ஆசிரியை, முணுமுணு என்பது பேச்சுக்குத்தான் பொருந்தும், வலிக்குப் பொருந்தாது என்கிறார். சித்தி, அந்த ஆசிரியைக்கு இன்னும் அந்த வலி வந்ததில்லை போலிருக்கிறது என்கிறார்.